பிரைமர் அடிக்கிற வரைக்கும்

பட்டறையில் அவனை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். லேத்தில் ஒரு ஷாஃப்டைக் கடைந்து முடித்தால் மற்றவர்கள் இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவன் மட்டும் துடைத்து, அளந்து, முகத்தைச் சுளித்து, மறுபடியும் மெஷினில் ஏற்றுவான். "மயிரிழைதானேப்பா, விடு" என்பார் முதலாளி. "மயிரிழைன்னா எந்த மயிர்? தலையிலயா, மீசையிலயா?" என்று இவன் கேட்பான். கிண்டலுக்குக் கேட்பதில்லை, நிஜமாகவே கேட்பான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு, அதுதான் மைக்ரான். அப்படி வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் வந்து பார்ப்பார்கள், பையன் நல்ல பையன் என்பார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் அப்பாவைப் பற்றி விசாரிப்பார்கள். அதற்குப் பிறகு வரமாட்டார்கள். கொஞ்ச காலத்தில் அவனே போதும் என்று சொல்லிவிட்டான். வீட்டில் அவனும் அம்மாவும்தான்.

அப்பா வாடகைக்கு உழவு ஓட்டியவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே நாள் வேலை என்று ட்ராக்டரை எடுத்துக்கொண்டு போவார், நாலைந்து நாள் கழித்து வருவார். "வண்டி ரிப்பேர் ஆயிடுச்சு" என்பார். அம்மா தட்டை எடுத்து வைப்பாள். வண்டி எந்த வாசலில் நின்று ரிப்பேர் ஆகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அங்கே ஒரு வீடு, வீட்டில் ஒருத்தி, அவளுக்கு ஒரு பெண் குழந்தை.

அம்மா கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. ட்ராக்டர் என்ற சொல்லை மட்டும் நிறுத்திவிட்டாள். "அதை வாசல்ல நிறுத்தாதீங்க" என்பாள். "அதோட கரி சுவரெல்லாம் அப்பிக்கிடக்கு" என்பாள். மனுஷன் மேல் காட்ட முடியாததை எல்லாம் அந்த இரும்பின் மேல் காட்டினாள்.

வயதாகி உழவை விட்டபோது, வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கப்போகிறேன் என்று சொல்லி அப்பா அதன் மேல்பாகங்களைப் பிரித்துப் போட்டார். இன்ஜினும் சேசிஸும் இந்த வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் நின்றன. பானட், மட்கார்டு, முன்கிரில், டீசல் டேங்க் எல்லாம் அந்த வீட்டுக்குப் போயின. எந்த வீட்டில் இருந்தாரோ அங்கே கைக்குக் கிடைத்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதுவும் முடியவில்லை. படுக்கையில் விழுந்தபோது இந்த வீட்டில் இருந்தார். அம்மாதான் எல்லாம் பார்த்தாள். முகம் கோணாமல் பார்த்தாள், ஆனால் பேசவில்லை.

அவர் இறந்த அன்று அந்த வீட்டு மகள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அவளுடைய அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரி வேலை உடுப்பிலேயே வந்திருந்தாள். மாற்றிக்கொள்ள நேரம் இருந்திருக்காது. மைக்ரான் போய், "உள்ள வாங்க" என்றான். அவள் அப்பாவின் காலருகே கொஞ்ச நேரம் நின்றாள். போகும்போது அம்மாவிடம் வந்து, "பெரியம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"அந்த முறையெல்லாம் இங்க வேண்டாம்" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அம்மா கேட்டது ஒன்றுதான். "அதை எப்போ எடைக்குப் போடப்போற?"

"பார்க்கலாம்மா" என்றான் மைக்ரான். அந்தப் "பார்க்கலாம்"-இல் ஒரு வருஷம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குள் போய் இன்ஜினைத் திறந்தான், கழுவினான், ரிங்கும் கேஸ்கட்டும் மாற்றி மூடினான். ஏன் செய்கிறாய் என்று கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் தெரிந்திருக்காது. பிரிந்து கிடக்கிற ஒரு மெஷினை அப்படியே விட்டுவிட்டு அவனால் தூங்க முடியாது, அவ்வளவுதான். கடைசியில் இன்ஜின் தயாரானது. மேல்தகடுகள் இல்லாமல் அது தோலுரித்த மாடு மாதிரி நின்றது. அவன் பஸ் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனான்.

அந்த வீடு சின்ன வீடு. பக்கத்தில் இறக்கிய சாய்ப்பில் தகடுகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு சாய்ந்திருந்தன. அவள் கதவைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"அந்தப் பாகமெல்லாம் வேணும். வண்டியைச் சேர்க்கலாம்னு பார்க்கறேன்" என்றான்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள் அவள். பிறகு, அவன் மட்கார்டைத் தூக்கும்போது, "ஆனா நானும் வருவேன்" என்றாள்.

"எங்க?"

"வேலைக்கு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. தேய்க்கத் தெரியும், துடைக்கத் தெரியும். சும்மா உட்கார்ந்து பார்க்க வரலை."

மைக்ரான் மட்கார்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தான். "அம்மா இருக்காங்க" என்றான்.

"தெரியும். நான் கொட்டகையை விட்டு வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

அம்மாவிடம் சொன்னபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் துடைத்தாள். "கொட்டகையோட சரி. வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது" என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. ஞாயிறு காலை அவள் பஸ்ஸில் வருவாள். பின்பக்கச் சந்து வழியாகவே கொட்டகைக்குள் நுழைவாள். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் கையோடு கொண்டுவந்துவிடுவாள். மாலை வெயில் சாயும்போது அதே சந்து வழியாகப் போய்விடுவாள். அம்மா பின்கதவைச் சாத்தியே வைத்திருப்பாள். ஆனால் சமையல்கட்டு ஜன்னல் திறந்திருக்கும். புகை போகணுமே என்பாள்.

வாரத்தில் ஒரே நாள் வேலை என்பதால் வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது. பழைய பெயிண்டைக் கரைத்துச் சுரண்டினார்கள். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்தார்கள். துரு ஆழமாகத் தின்ற இடங்களில் ஆசிட் தடவி, கழுவி, உடனே துடைத்தார்கள். தகடுகள் ஒவ்வொன்றாக வெள்ளை வெளேரென்று வெறும் இரும்பாக வந்தன. வந்த பிறகுதான் தொல்லையே.

பெயிண்ட் இருக்கிற வரைக்கும் இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். அதை உரித்துவிட்டால் காற்றில் இருக்கிற ஈரமே அதற்குப் போதும். ஒரு ஞாயிறு பளபளவென்று விட்டுவிட்டுப் போன மட்கார்டில், அடுத்த ஞாயிறு ஆரஞ்சு நிறத்தில் மெல்லிசாகப் பூத்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் ஐந்து விரல் தடம்.

"இது உங்க கை" என்றாள் அவள்.

"என் கையா?"

"வெச்சுப் பாருங்க." வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. "சில பேருக்கு வேர்வையில உப்பு ஜாஸ்தி. எங்க ஆஸ்பத்திரியில ஒருத்தரு கையுறை இல்லாம கத்தரிக்கோலைத் தொட்டா, மறுநாள் துரு பூத்த தடத்தை அவரைக் கூப்பிட்டுக் காட்டுவாங்க." மறுவாரம் ஆஸ்பத்திரிக் கையுறை ஒரு கட்டு கொண்டுவந்தாள். ஒரு மயிரிழைக்காக உலகத்தோடு சண்டை போடுகிற மைக்ரான், தன் கையே துரு ஏற்றுகிறது என்று கேட்டு அன்று முழுக்க உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தேய்த்து முடித்த தகட்டைத் தின்னரால் துடைத்து, காய்ந்ததும் மிஷின் ஆயிலைத் துணியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவினார்கள். பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி, தரையில் படாமல் கட்டைமேல் வைத்தார்கள். நடுவாரத்தில் மைக்ரான் வேலையிலிருந்து வந்ததும் ஒருதடவை ஆயில் துணியால் துடைப்பான்.

"முடிஞ்சதுக்கு அப்பப்பவே பிரைமர் அடிச்சுட்டா இந்தப் பாடு இல்லையே" என்று அவள் கேட்டாள். பெயிண்டுக்கு முன்னால் துரு பிடிக்காமல் அடிக்கிற முதல் பூச்சைத்தான் சொன்னாள்.

"அடிச்சுட்டு, அப்புறம் நெளிசல் எடுக்கணும், வெல்டிங் வைக்கணும்னா மறுபடி சுரண்டணும். எல்லாம் முடியட்டும். நல்ல வெயில்ல ஒரேயடியா அடிக்கலாம். ஒரு தகட்டுல ஒரு கனம், இன்னொண்ணுல இன்னொரு கனம்னு வந்தா எனக்குப் பிடிக்காது."

"உங்களுக்குப் பிடிக்கணும்னு துரு காத்திருக்குமா?"

அவன் தகட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக, "சரி அண்ணா, உங்க இஷ்டம்" என்றாள். அவனும் அது காதில் விழாதது மாதிரி ஸ்பேனரைத் தேடினான்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் பட்டறையில் அவனை வெளியூருக்கு அனுப்பினார்கள். ஒரு மில்லில் பெரிய ஷாஃப்ட் உடைந்துவிட்டது, அங்கேயே தங்கிச் சரிசெய்து தரவேண்டும். கிளம்புகிற அவசரத்தில் மைக்ரான் வானத்தைப் பார்த்தான். கொட்டகைக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. சாரல் அடித்தால் நேராகத் தகடுகள் மேல்தான். பருத்தித் துணி தாங்காது என்று நினைத்து, பாலித்தீன் ஷீட்டை நாலு மடிப்பாகச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். தங்கச்சிக்கு ஃபோன் செய்து, தான் திரும்புகிற வரைக்கும் வரவேண்டாம் என்று சொன்னான்.

"எதால மூடினீங்க?"

"நல்லா மூடியிருக்கேன். காத்துகூடப் புகாது."

"அண்ணா, ஈரத்தோட மூடினா உள்ளயே வேர்க்கும்..."

பஸ் வந்துவிட்டது. அவன் வைத்துவிட்டான்.

மழை விடாமல் பெய்தது. துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, சுவரில் ஓதம் ஏறியது. அம்மா சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைப்பாள், பாத்திரம் கழுவத் திரும்பினால் கண் அங்கேதான் போகும். பாலித்தீனின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. ஒரு மதியம் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் நிறம் மாறுகிற மாதிரி தெரிந்தது.

"எனக்கென்ன" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். போய்ப் படுத்தாள். எழுந்தாள். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

கயிற்று முடிச்சு அவள் விரலுக்கு அவிழவில்லை. கத்தி கொண்டுவந்து அறுத்தாள். ஷீட்டை இழுத்ததும் உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் காலில் கொட்டியது. மட்கார்டின் ஓரத்தில் சிவப்பு எறும்பு ஊர்வது மாதிரி துரு கோடு போட ஆரம்பித்திருந்தது. இத்தனை ஞாயிறு அந்த ஜன்னலில் நின்று பார்த்தவளுக்கு அடுத்து என்ன செய்வார்கள் என்று தெரியும். துடைப்பார்கள், எண்ணெய் தடவுவார்கள். அவள் தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்தாள். மட்கார்டு இரண்டையும், கிரில்லையும், டேங்கையும், கழற்றிப் போட்ட கதவு மாதிரி நீண்டு கிடந்த பானட்டின் மேல்பக்கத்தையும் ஒட்டத் துடைத்தாள். பானட்டைப் புரட்டப் பார்த்தாள், அது நகரவில்லை.

அலமாரியில் வரிசையாக டின்கள் இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி கறுத்த டின்கள். எது ஆயில், எது தின்னர், எது ஆசிட் என்று யாரைக் கேட்பது? ஒன்றைத் திறந்து முகர்ந்தாள், கண்ணைக் கரித்தது. மூடிவிட்டாள். சமையல்கட்டுக்குள் போய் சூரியகாந்தி எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துவந்தாள். கிண்ணத்தில் ஊற்றி, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி, தாராளமாகத் தேய்த்தாள். மறுநாளும் தேய்த்தாள். மழை விடுகிற வரைக்கும் தேய்த்தாள்.

மைக்ரான் திரும்பி வந்தது சனிக்கிழமை மாலை. வந்துவிட்டதாகத் தங்கச்சிக்கு ஒரு ஃபோன் செய்துவிட்டு, களைத்துப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டான். மறுநாள் அவன் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகையிலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது.

"அண்ணா! இது என்ன இது?"

ஓடிப் போய்ப் பார்த்தான். தகடுகள் முழுக்க மஞ்சளாக ஒரு பசை. தொட்டால் விரல் ஒட்டியது. உமியும் தூசியும் கொசுவும் அதில் ஒட்டிச் செத்துக் கிடந்தன. அவன் கிளம்பும்போது கண்ணாடி மாதிரி இருந்த இரும்பு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறின பழைய வாணலி மாதிரி இருந்தது.

அவள் விரலை முகர்ந்து பார்த்தாள். "சமையல் எண்ணெய்! எந்தப் புத்தி கெட்டவங்க இப்படிப் பண்ணினது? இது காஞ்சு கோந்தா ஆயிடுச்சே. இதுமேல பிரைமர் எப்படி ஒட்டும்?"

சமையல்கட்டு ஜன்னல் சாத்திக்கொள்கிற சத்தம் கேட்டது.

மைக்ரான் தங்கச்சியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். புரிந்ததும் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் உள்ளே போனான். அம்மா தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டில் கல்லே இல்லை.

"நீதானாம்மா?"

"ஆமா, புத்தி கெட்டவதான்."

"அவ தெரியாமச் சொல்லிட்டா."

"தெரிஞ்சா மட்டும் என்ன. நீ கட்டி வெச்சுட்டுப் போனியே, உள்ள பூரா தண்ணி. செவப்பா எறும்பு ஊர்ற மாதிரி ஊர்ந்துக்கிட்டு வருது. பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? உன் டின்னுல எது எண்ணெய், எது ஆசிட்டுன்னு எனக்குத் தெரியுமா? எனக்குத் தெரிஞ்ச எண்ணெய் இதுதான்." தட்டைத் தள்ளி வைத்தாள். "எல்லாத்தையும் எடைக்குப் போடுன்னு அப்பவே சொன்னேன்."

மைக்ரான் அம்மாவின் கையைப் பார்த்தான். அம்மா அந்த வண்டியைத் தொட்டு அவன் பார்த்ததே இல்லை. அப்போது பின்கதவில் நிழல் தட்டியது. தங்கச்சி வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றியிருந்தாள்.

அவள் மன்னிப்புக் கேட்பாள் என்று அவன் நினைத்தான். அவள் கேட்கவில்லை. "அடியில துரு இல்லை" என்றாள் அம்மாவைப் பார்த்து. "ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தேன். எண்ணெய் பட்ட இடம் பூரா அப்படியே வெள்ளையா இருக்கு. பானட்டைப் புரட்டினா அடிப்பக்கம்தான் போயிருக்கு. அங்க எண்ணெய் படலை."

அம்மா அரிசித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க தடவலேன்னா எல்லாமே அந்த அடிப்பக்கம் மாதிரி ஆகியிருக்கும்" என்றாள் அவள். "இந்தப் பசையை வெந்நீர்ல சோடாப்பு போட்டுக் கழுவினா எடுத்துடலாம். பெரிய அண்டாவுல தண்ணி சுட வைக்கணும். கொட்டகையில அடுப்பு இல்லை."

அம்மா கையை ஊன்றி எழுந்தாள். "அண்டா பரண்ல இருக்கு. நீ உயரமாத்தானே இருக்க. வந்து எடு" என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

அன்று மூன்று பேரும் கழுவினார்கள். மைக்ரான் வெந்நீரைச் சுமந்தான். தங்கச்சி பிரஷ் போட்டாள். அம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து துடைத்தாள். பாத்திரம் தேய்த்துப் பழகிய கை, இவர்கள் இருவரையும்விட வேகமாக ஓடியது. அம்மாதான் எதையோ நினைத்துக்கொண்டு, தகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எத்தனை நாள் இதைத் திட்டியிருக்கேன். போனா வராது. வந்தா, வண்டி ரிப்பேர், வண்டி ரிப்பேர்னு இதே பல்லவி. நான் வாசல்ல மழையில நிப்பேன், வெயில்ல நிப்பேன்."

தங்கச்சி பிரஷ்ஷை நிறுத்தினாள். "எங்க வீட்டுலயும் அப்பா அதேதான் சொல்வாரு" என்றாள்.

அம்மா நிமிர்ந்தாள்.

"இங்க வந்துட்டுத் திரும்பி வரும்போது. ஏன்பா இத்தனை நாள்னு நான் கேட்பேன். வண்டி ரிப்பேர் ஆகி நடுவழியில நின்னுடுச்சும்மான்னு சொல்வாரு. எனக்கு ரொம்ப நாளா இந்த வீடு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. ஓட்டை வண்டி, அதனாலதான் அப்பா வரமாட்டேங்கறார்னு நினைச்சுப்பேன். ஒருநாள் கோவத்துல டயரை எட்டி உதைச்சு, கால் வீங்கி, ஸ்கூலுக்குப் போகலை."

மைக்ரான் வாளியைக் கீழே வைத்தான். அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒரு காரணமும் இருந்ததில்லை.

"இன்ஜினை நான் பிரிச்சேனே" என்றான். "ஹெட் போல்ட்டுல கம்பெனிக்காரன் அடிச்ச பெயிண்ட் அப்படியே இருந்துச்சு. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. உள்ள போனா எல்லாம் முதல்ல வந்த பார்ட். பம்பு, கிளட்ச், கியர் எதையும் யாரும் தொட்டதில்லை. நான்தான் முதல் ஆள்."

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"அப்படின்னா இந்த வண்டி ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்லைம்மா."

அம்மா அழப்போகிறாள் என்று மைக்ரான் நினைத்தான். அவளோ குனிந்து, மடியில் கிடந்த மட்கார்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாவம், இது" என்றாள். "ரெண்டு வீட்டு ஏச்சையும் வாங்கிட்டு..." சொல்லிக்கொண்டே அதன்மேல் கையை வைத்தாள்.

"கை வைக்காதீங்க பெரியம்மா, வேர்வை!" என்று தங்கச்சி பதறிவிட்டாள்.

அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை. அம்மா சிரித்து, சிரித்து, புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்து வந்தது சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. மற்ற இருவரும் அவளை அப்படியே விட்டுவிட்டு, மிச்ச டேங்கைக் கழுவினார்கள். வேண்டாம் என்று சொன்ன அந்த முறைச் சொல்லை அவள் கேட்டாள்தான். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பானட்டின் அடிப்பக்கத்தில் துரு குழி குழியாகத் தின்றிருந்தது. ஓரிடத்தில் ஊசி நுழைகிற ஓட்டை. மைக்ரான் அதைத் தடவிப் பார்த்து, "பாலித்தீன் போட்டது நான்" என்றான். மறுவாரம் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். அதற்குப் பிறகு ஒரேயடியாக அடிக்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை. ஒரு தகடு முடிந்தால், வெயில் இருந்தால், அன்றைக்கே தின்னர் போட்டுத் துடைத்துப் பிரைமர் அடித்தார்கள். கனம் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறித்தான் வந்தது. அவன் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பான், ஆனால் விட்டுவிடுவான்.

வெயில் காலம் முடிவதற்குள் வண்டிக்கு நிறம் ஏறிவிட்டது. கடைசி போல்ட்டை முடுக்கிய ஞாயிறு, டீசலை ஊற்றி, அவன் சாவியைத் திருப்பினான். இரண்டு தடவை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. தங்கச்சி கைதட்டினாள். மைக்ரான் தலையைச் சாய்த்து, ஏதாவது தட்டுகிறதா என்று கேட்டான். சுத்தமாக ஓடியது.

பின்கதவில் அம்மா நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"நிறுத்து" என்றாள். சத்தத்தில் கேட்கவில்லை. வாய் அசைந்ததைப் பார்த்து அவன் நிறுத்தினான்.

"என்னால முடியலைப்பா" என்றாள். "இரும்பைத் தொட்டாச்சு. இந்தச் சத்தம் முடியலை. கேட்டவுடனே உடம்பு வாசலுக்கு ஓடுது. அவரு வந்துட்டாருன்னு ஓடுது. இனிமே யாரு வரப்போறா?"

அவளைக் குறை சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. அம்மா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து, வண்டியை என்ன செய்வது என்று மெதுவாகப் பேசினார்கள்.

"எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்" என்றாள் தங்கச்சி. "அங்க கொண்டுபோயிடலாமா? எங்க தெருவுலயே உழவுக்கு வண்டி கிடைக்காம அலையறாங்க. நின்னா திரும்பவும் துருதான் பிடிக்கும். ஓடட்டும்."

அப்படியே செய்தார்கள். மறுவாரம் மைக்ரான் ஓட்ட, அவள் மட்கார்டில் உட்கார்ந்துகொள்ள, வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனது. கிளம்புகிற வரைக்கும் அம்மா உள்ளேயே இருந்தாள். அவள் அதை வேண்டுமென்றே செய்தாள். வாசலில் நின்று வழியனுப்புகிற வேலையை அவள் என்றைக்கோ முடித்துவிட்டிருந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு கொட்டகை காலியாகக் கிடந்தது. மைக்ரான் வழக்கம்போல எழுந்து அங்கே போய் நின்றான். எண்ணெய்க் கறை படிந்த தரையும், நாலைந்து கட்டைகளும்தான் இருந்தன. செய்ய ஒன்றுமில்லை. திரும்பி வந்து பேப்பரைப் பிரித்தான், அதே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வருவாள் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை. வரச்சொல்லிக் கூப்பிடவும் அவனுக்கு வாய் வரவில்லை.

முன்கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா போய்ப் பார்த்தாள்.

"பஸ் கூட்டமா?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"நிக்கத்தான் இடம் இருந்துச்சு" என்றது தங்கச்சியின் குரல். அவள் உள்ளே வந்தாள். கையில் பை இல்லை, சாப்பாட்டு டப்பா இல்லை. எங்கே உட்காருவது என்று ஒரு நொடி நின்றாள். அம்மா பாயைத் தட்டிப் போட்டாள்.

மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செய்ய வேலை இல்லாததால் பேச்சு நொண்டியது. மழை இந்த வருஷம் முன்னாடியே வந்துவிடும் போல என்றான் மைக்ரான். ஆமாம் என்றாள் அவள். அம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

"ஆஸ்பத்திரியில உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதில்லை.

"கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி, எல்லாம் கழுவறது பெரியம்மா. கழுவி, துடைச்சு, ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பார்த்து, கட்டி வைக்கணும். அடுத்த ஆபரேஷனுக்கு அனுப்பணும்."

"நீயேவா எல்லாம்?"

"நாலு பேரு இருக்கோம்."

"நின்னுக்கிட்டேவா?"

"பெரும்பாலும் நின்னுக்கிட்டுத்தான்."

அம்மா அவள் காலைப் பார்த்தாள். "கால் வலிக்குமே" என்றாள்.

"சாயங்காலம் ஆனா வலிக்கும்" என்றாள் அவள். யாரும் இதுவரை அவளிடம் அதைக் கேட்டதில்லை போல, சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"சாப்பிட்டுட்டு அப்படியே காலை நீட்டிப் படு" என்றாள் அம்மா. "பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."